வியாழக்கிழமை ஊசி போட்டா ஞாயித்துக்கிழமை யாரு பாக்க?

கருங்கல் பக்கத்துல இருந்து:

நம்ம தொழுத்துல 6 மாடு நிக்கு, 4 கறவை, 1 சனை, 1 கெடேரி. வருசம் ஒருக்க டிபி டெஸ்ட் எடுக்கணும்னு வாயால சொல்லிட்டே திரிஞ்சேன், ஒருவழியா டாக்டரைப் பிடிச்சு ஒரு வியாழக்கிழமை சாயந்தரம் 4 மணிக்கு வர வச்சேன். கழுத்துல நடுப்பக்கம் முடிய வழிச்சு, தோலை மடிச்சுப் பிடிச்சு அதுக்க தடிப்ப காலிப்பர்ங்கிற அளவுக் கருவியில அளந்து, காதுல கெடக்க மஞ்ச வில்லையில உள்ள 12 இலக்க நம்பரும் பாத்து நோட்டுல எழுதிட்டு, டியூபர்குலின்ங்கிற டெஸ்ட் மருந்து 0.1 மில்லி தோலுக்குள்ள ஏத்துனாரு. பட்டாணி மாதிரி ஒரு முழை தட்டுப்படணும், இல்லன்னா மருந்து தோலுக்குக் கீழ போயிட்டுன்னு அர்த்தமாம்.

போறப்ப கேட்டாரு, "சரியா 72 மணி நேரம் கழிச்சு திரும்ப அளக்கணும், ஞாயித்துக்கிழமை 4 மணிக்கு ஆளு இருப்பியளா"ன்னு. நானும் பெரிசா தலையாட்டிட்டேன். அன்னைக்குத்தான் எங்க கோயில் திருவிழா கடைசி நாளு, தேர்ப்பவனி, அது மண்டையில ஏறவே இல்ல. வீட்டைப் பூட்டிட்டு மொத்தக் குடும்பமும் கோயில்ல, போன் சைலண்ட்ல. வந்து பாத்தா 7 மிஸ்டு கால். பாவம் மனுசன், மழையில கேட்டுக்கு வெளிய நின்னு எங்க நாய் கொலைக்கத கேட்டுட்டுத் திரும்பிப் போயிருக்காரு.

திங்கக்கிழமை மதியம் வந்தாரு, கோவத்தக் காட்டல. ஆனா "நேரம் கழிஞ்சு போச்சு, வீங்கியிருந்தா வடிஞ்சிருக்கும், இத வச்சு நெகட்டிவ்னு எழுத மாட்டேன்"னுட்டாரு. அப்ப இன்னைக்கே இன்னொண்ணு போடுங்கன்னேன். அது ஆவாதாம்! ஒருக்க போட்டா கொஞ்ச நாளைக்கு மாட்டு உடம்பு அந்த மருந்துக்கு மசியாது, நோய் இருந்தாலும் வீங்காம நம்மள ஏமாத்திரும், 42 நாளாவது விடணும், 60 விட்டா நல்லது. சரின்னு 60 நாளு தள்ளுனா சனை மாடு ஈணுற நேரம் வந்துட்டு. ஈத்து சமயத்துல எதிர்ப்பு சக்தி தாழ்ந்து கெடக்கும், அப்பவும் ரிசல்ட்ட நம்ப முடியாதுன்னு அத மட்டும் பொறவு தனியா பாத்தோம். மூணு நாளு ஜோலி நாலு மாசம் இழுத்துட்டு, தப்பு முழுக்க எனக்கதுதான். இப்ப திங்க இல்லன்னா செவ்வாதான் ஊசி, வியாழனோ வெள்ளியோ அளந்துரலாம். காலண்டர்ல ஈத்து தேதிக்கும் ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

இதுக்கெடையில சொசைட்டிக்கு பால் கொண்டு வார ஒரு அண்ணாச்சி "ஊசி போட்டாச்சுல்லா, இனி டிபி வராதே"ங்காரு. அண்ணாச்சி, அது தடுப்பூசி இல்ல, டெஸ்ட்டு!

திருவட்டாறுல இருந்து:

எனக்கு வேற கதை. 72 மணி நேரத்துல கரெக்டா அளந்தாச்சு, ஒரு மாட்டுக்கு தோல் தடிப்பு 3 மி.மீ கூடுதல். 4 தொட்டா பாசிட்டிவ், 2க்குக் கீழ நெகட்டிவ், நமக்கு ரெண்டுங்கெட்டான். ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் வச்சிருந்த புரையில அத தனியா கட்டி, தண்ணித் தொட்டியும் தனி. சொசைட்டிக்கு அதுக்க பால கொடுக்கல, பிள்ளையளுக்கும் கொடுக்கல. 42 நாளு கழிச்சு கழுத்துல ரெண்டு எடத்துல போட்டாவ, ஒண்ணு மாட்டு டிபிக்கு, இன்னொண்ணு பறவை டிபிக்கு உள்ளது. பறவைக்கு உள்ளதுதான் நல்லா வீங்கிச்சு, மாட்டுக்கு உள்ளது அசையல. வேற ஏதோ கிருமி பட்ட வெனை, மாட்டு டிபி இல்லன்னாவ. அந்த 42 நாளு எங்க வீட்டுக்காரி தூங்கல, நானும்தான்.

ஆரல்வாய்மொழியில இருந்து:

புதுசா மாடு வாங்குறவிய தொழுத்துல சேக்கதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுங்க. நான் எடுக்காம சேத்துட்டு, பொறவு எல்லா மாட்டுக்கும் சேத்து பயந்தேன். வந்துட்டா மாட்டுக்கு வைத்தியம் பாக்கதில்ல, ஒதுக்கி வைக்க மட்டும்தான் முடியும். பால் எதுக்கும் நல்லா பொங்க விட்டு காச்சணும், பச்சப்பால் குடிச்சா சத்துன்னு பெருசுக சொல்லுகத கேக்காதிய.

கருங்கல் அண்ணே, ஒண்ணு கேக்கணும், நீங்க திங்க ஊசி, வியாழன் அளக்கன்னு சொல்லுகிய, வியாழன் வார டிசம்பர் 3 பாத்தியளா? கோட்டாறு சவேரியார் திருவிழா, குமரி மாவட்டத்துக்கே லீவுல்லா.

கருங்கல் பக்கத்துல இருந்து:

அய்யோ! நவம்பர் 30 திங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லியே வச்சிருந்தேன். இப்பவே போன் போட்டு 7ஆம் தேதிக்கு மாத்திட்டேன், சிரிச்சுட்டே "நாய கட்டிப் போட்டுருங்க"ன்னாரு.