புது வீட்டில் முதல் கிறிஸ்துமஸ்: மரமா, குடிலா, ஒரு ஸ்டாரே போதுமா?

கோட்டாறு_மருமகள்:
நவம்பர்லதான் புது வீட்டுக்குக் குடிவந்தோம். சாமியார் வந்து மந்திரிச்சிட்டும் போயாச்சு. சவேரியார் கோயில் திருவிழா நாளைக்கு, டிசம்பர் 3ஓட முடியுது. அதுக்கப்புறம் நாகர்கோவில்ல தெருத்தெருவா ஸ்டார் ஏறிரும். என் திட்டம் இதுதான்: ஹால்ல ஏழடி மரம், வீட்டு முன்பக்கம் முழுக்க சீரியல் லைட், மாடிப்படிக் கைப்பிடில பச்சைத் தோரணம். வீட்டுக்காரர் "இ.எம்.ஐ. இந்த மாசந்தான் தொடங்குது, ஒரு ஸ்டார் போதும்"ங்கார். அத்தையோ "மரமும் வேண்டாம் கிரமும் வேண்டாம், குடில் இல்லாத வீட்டுல என்ன கிறிஸ்மஸ்?"னு கேக்காங்க. மூணு பேரும் மூணு பக்கம். நீங்க யார் கட்சி? மழை வேற விட்டபாடில்லை.

வரவு_செலவு:
நான் வீட்டுக்காரர் கட்சி. கஞ்சத்தனம்னு நினைக்காதீங்க. புது வீட்டுல எந்த ஜன்னல் வழியா சாரல் அடிக்கும், வர்றவங்க எங்க உக்காருவாங்க, எந்த பிளக் பாயின்ட் எட்டாதுன்னு ஒரு பண்டிகை கழிஞ்சாத்தான் தெரியும். ஏழடி மரம் கிளையை விரிச்சா அடியில நாலடி இடத்தை அடைச்சுக்கும். கேரல் பாட வர்ற கூட்டம் எங்க நிக்கும்? மீதி பதினோரு மாசம் அந்த அட்டைப்பெட்டியை எங்க வைப்பீங்க? லாஃப்ட் இருக்கா, இல்ல அங்க ஏற்கெனவே பாத்திரம் ஏறிடுச்சா? பண்டிகை முடிஞ்சதும் ஜனவரில கடைக்காரரே விலையைக் குறைச்சுக் கொடுப்பார். அப்ப வாங்குங்க.

முத்துநகர்_ரோஸ்:
ஏட்டி மருமகளே, இவர் பேச்சைக் கேக்காத. வீட்டுக்கடன் 20 வருசம் ஓடும். அதுவரைக்கும் வெறுஞ்சுவரைப் பாத்துக்கிட்டு இருப்பியா? புது வீட்டுல முதல் கிறிஸ்மஸ் ஒருதடவைதான் வரும். சொந்தக்காரங்க அத்தனை பேரும் வீடு பாக்குற சாக்குல வருவாங்க. வாங்கு, ஜோடி, படம் எடுத்துப் போடு.

ஞாயிறு_பூசை:
டிசம்பர் 3லயே என்ன அவசரம்? இது திருவருகைக்காலம். நாலு ஞாயிறு காத்திருக்கிற காலம். பூசையில ஊதா உடுப்பு, "உன்னதங்களிலே" கீதம் கூட ஞாயித்துக்கிழமை பாட மாட்டாங்க. கோயிலே அடக்கமா இருக்கும்போது வீடு மட்டும் ஜிகுஜிகுன்னு மின்னுறது பொருத்தமில்ல. நம்ம ஆளுங்க 1ஆம் தேதியே எல்லாத்தையும் ஏத்திருவாங்க, 26ஆம் தேதி சலிச்சுப்போய் இறக்கிருவாங்க. கிறிஸ்துமஸ் காலம் தொடங்குறதே 25ல. மூணு ராஜாக்கள் திருவிழா ஜனவரி 6. அதுவரைக்கும் வச்சிருந்தா நீங்க போட்ட காசுக்கும் அர்த்தம் உண்டு.

பாட்டுக்குழு_தம்பி:
அது ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர் கணக்கு ஐயா. நாங்க சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. டிசம்பர் தொடங்கிட்டா ராத்திரி டிரம்மைத் தூக்கிட்டு வீடு வீடா கிளம்பிருவோம். வாசல்ல ஸ்டார் எரியிற வீட்டுலதான் தைரியமா கேட்டைத் தட்ட முடியும். இருட்டா கிடக்கிற வீட்டுல முதல்ல நாய்தான் வரும்.

பனையோலை:
நான் அத்தை கட்சி. பிளாஸ்டிக் மரத்துல பஞ்சை ஒட்டி "பனி"னு சொல்லி, அதுக்குப் பக்கத்துல ஃபேனைப் போட்டு உக்காந்திருக்கிறதை நினைச்சா எனக்குச் சிரிப்பு வரும். அது மேல்நாட்டுக்காரன் கொண்டாட்டம். குடில்தான் நம்மளோடது.

ஏட்டுச்சுரைக்காய்:
அந்தக் கணக்குல குடிலும் இறக்குமதிதான். 1223ல இத்தாலில கிரெச்சோங்கிற ஊர்ல அசிசி பிரான்சிஸ் வைக்கோல் போட்ட தீவனத்தொட்டியையும், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வச்சுப் பூசை நடத்தினதுலேருந்துதான் குடில் பரவுச்சு. மரம் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனி வழக்கம். விக்டோரியா குடும்பம் மரத்தைச் சுத்தி நிக்கிற படம் 1848ல லண்டன் பத்திரிகைல வந்தப்புறம்தான் இங்கிலாந்துலயே அது வீட்டுக்கு வீடு போச்சு. பேப்பர் ஸ்டார்? அதுவும் ஜெர்மனிதான். 1830கள்ல நீஸ்கிங்கிற ஊர்ல மொரேவியன் சபைப் பள்ளிக்கூடத்துல வடிவியல் பாடத்துக்காக மடிச்ச பல முனை நட்சத்திரம் ஒரு வழியா இன்னிக்கு உலகம் சுத்துது. மூணுமே கப்பலேறி வந்தது. இதுல நம்மளோடது எது, அவனோடது எது?

பனையோலை:
எங்கேருந்து வந்துச்சுன்னு யாரு கேட்டா? கை படுதா இல்லையாங்கறதுதான் கேள்வி. மரம் பெட்டில வரும், கிளையை விரிச்சா வேலை முடிஞ்சுது. குடிலுக்கு வீடே கூடி உக்காரணும். சிமென்ட் சாக்கைக் கழுவிக் காயவச்சு, கசக்கி, மைதாப் பசை தடவி, பிரவுன் பெயின்ட் அடிச்சு மலை பண்ணணும். கூரைக்குப் பனையோலை வேணும். 14, 15ஆம் தேதி வாக்குல தட்டுல மண்ணு பரப்பி, ஊறவச்ச கேழ்வரகைத் தூவி, தினம் கையால தண்ணி தெளிச்சா 24ஆம் தேதிக்குள்ள விரல் உயரத்துக்குப் புல்லு மாதிரி நிக்கும். மாதா, சூசையப்பர், மாடு எல்லாத்தையும் முதல்லயே வச்சிரலாம். பாலனை மட்டும் நடுச்சாமப் பூசை முடிஞ்சு வந்துதான் வைக்கணும். எங்க வீட்டுல ராஜாக்கள் மூணு பேரும் டிவி ஸ்டாண்டுலேருந்து கிளம்புவாங்க. பிள்ளைங்க தினம் ஒரு சாண் நகத்துவாங்க. ஒட்டகம் மட்டும் எப்பவும் முந்திப் போயிரும், அதுக்கு ஒரு சண்டை. புது வீட்டுக்கு இதைவிட என்ன அலங்காரம் வேணும்?

வரவு_செலவு:
கேழ்வரகுத் தட்டை வைட்ரிஃபைடு டைல்ஸ் மேல வைக்கிறதா இருந்தா அடியில ஒரு டிரே போட்டுக்கோங்க. நானும் குடிலுக்கு எதிரி இல்ல, அதுல செலவு கம்மி.

சவுக்குக்காடு:
ரெண்டு கட்சியும் ஒரு விஷயத்தை மறந்துட்டீங்க. கடற்கரை ஊர்கள்ல மரம்னா சவுக்குக் கிளைதானே! தோப்புக்காரர்கிட்ட கேட்டு ஒரு கிளை வாங்கி, பழைய பெயின்ட் டப்பால ஈரமணல் நிரப்பி நட்டு, டப்பாவைச் சுத்தி ஜிகினா பேப்பர் ஒட்டினா முடிஞ்சுது. அந்த ஊசி இலை காத்துல அசையிற அழகு எந்தப் பிளாஸ்டிக்ல வரும்? ஒரு வாரத்துல காய ஆரம்பிச்சிரும், அதனால 22, 23ல நட்டாப் போதும். இது பூசைக்கார ஐயாவுக்கும் தோதுப்படும். ரோட்டோரத்துல நிக்கிற மரத்துல மட்டும் கை வைக்காதீங்க.

முத்துநகர்_ரோஸ்:
காய்ஞ்ச இலை தரை பூரா கொட்டுமே, அதை யாரு பெருக்குவா? நீரா? எறும்பு வேற கூடவே குடிவரும். "அந்தக் காலத்துல"னு பேசுற ஆம்பளைங்க யாரும் விளக்குமாத்தைத் தொட்டு நான் பாத்ததில்ல. பிளாஸ்டிக் மரம்னா ஒருதடவை வாங்கி பத்து வருசம் வைக்கலாம்.

சவுக்குக்காடு:
எங்க வீட்டுல பெருக்குறது நான்தாங்க. நம்ப வேண்டாம். பத்து வருஷம் கழிச்சு அந்தப் பிளாஸ்டிக்கை எங்க போடுவீங்க? என் சருகு மாட்டுத்தொழுவத்துக்குப் போயிரும்.

மெயின்_ஸ்விட்ச்:
நான் வயரிங் வேலை பாக்கிறவன். மரமோ குடிலோ உங்க இஷ்டம். லைட்டைப் பத்தி மட்டும் சொல்றேன். புது வீட்டுல ஆர்.சி.சி.பி.னு, மின்சாரம் கசிஞ்சா கரண்டைத் தானா நிறுத்துற சுவிட்ச் போட்டிருப்பாங்க, வீட்டுக்குப் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். வெளியில தொங்குற சீரியல் செட்டோட ஜாயின்ட்ல மழைத்தண்ணி இறங்கினா மின்சாரம் கசியும், ஆர்.சி.சி.பி. கீழ விழும், மொத்த வீடும் இருட்டு. ராத்திரி 11 மணிக்கு "புது வயரிங்ல ஏதோ கோளாறு"னு எனக்கு போன் வரும். கோளாறு இல்ல, அது தன் வேலையைப் பாத்திருக்கு. கோவத்துல அதை பைபாஸ் பண்ணச் சொல்லாதீங்க, உயிர் போற விஷயம். வெளிய போடுறதுக்கு மழை தாங்குற செட்டுன்னு, ஐ.பி. 65 போட்டதா வாங்குங்க. அடாப்டரும் ஜாயின்ட்டும் சன்ஷேடுக்கு அடியில நனையாம இருக்கணும். இன்னொண்ணு: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல ஆணி அடிக்காதீங்க. சுவருக்குள்ள வயர் போற பைப் நேரா அதுவழியாத்தான் மேல ஏறும்.

கரண்ட் பில்லைச் சொல்லி வீட்டுக்காரர் தடுத்தா அது செல்லாது. ஒரு எல்.இ.டி. செட் 10 வாட்னு வச்சுக்கிட்டாலும், தினம் 6 மணி நேரம் 30 நாள் எரிஞ்சா 1.8 யூனிட். அஞ்சு செட்டுக்கு 9 யூனிட்.

வரவு_செலவு:
பில்லை நான் சொல்லவே இல்லையே. வாங்குற விலையைத்தான் சொல்றேன். அப்புறம் சுவர். பெயின்ட் அடிச்சு ரெண்டு மாசம் கூட ஆகாத சுவர்ல டபுள் சைட் டேப்பை ஒட்டிட்டு, ஜனவரில உரிச்சுப் பாருங்க. பெயின்ட்டும் பட்டியும் சேர்ந்து பாளம் பாளமா வரும். டச்சப் பண்ணினா திட்டுத்திட்டாத் தெரியும். ஜன்னல் கம்பி, கர்ட்டன் ராடு, கைப்பிடி, இதுல கட்டுறதோட நிறுத்துங்க.

கோட்டாறு_மருமகள்:
எல்லாரும் செலவைப் பேசறீங்க, நான் ஏன் கேக்கறேன்னு யாருக்கும் தோணல. கல்யாணம் ஆனதுலேருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டுக்காரம்மா ஆணி அடிக்க விடமாட்டாங்க. இன்னொருத்தர் ஸ்டாருக்கு வயர் இழுத்தா மீட்டர் ஓடும்பார். ஜன்னல் கம்பில ஒரு சின்ன ஸ்டாரைக் கட்டி, அதையும் ராத்திரி 10 மணிக்கு அணைச்சிருவோம். இப்ப சுவர் என்னோடது. அதுல நாலு ஓட்டை விழுந்தாலும் என்னோட ஓட்டை. ஆடம்பரத்துக்காக இல்லைங்க.

வரவு_செலவு:
அது நியாயமான ஆசை. ஆனா அந்த ஆசைக்கும் ஏழடி மரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டை போடணும்னா ஒரு நல்ல கொக்கி அடிச்சு, பெரிய ஸ்டாரா மாட்டுங்க.

பனையோலை:
ஸ்டார்னா கடையில விக்கிற நியான் ஸ்டார் வேண்டாம். பத்து மூங்கில் சிம்புல ரெண்டு அஞ்சுமுனை நட்சத்திரம் கட்டி, முனைக்கு முனை ரெண்டையும் சேத்துக் கட்டணும். உள்மூலை அஞ்சுலயும் சாண் நீளக் குச்சியைக் குறுக்க கொடுத்தா நடுவுல உப்பி நிக்கும். கலர் பேப்பரை ஒட்டி, ஒரு முனையைத் திறந்து விட்டு பல்பை இறக்கணும். இப்ப எல்.இ.டி. பல்புங்கறதால சூட்டுல பேப்பர் கருகுற பயமும் குறைவு. மழைக்கு மேல கண்ணாடிப் பேப்பர்.

ஞாயிறு_பூசை:
அதை 24ஆம் தேதி ஏத்தினா இன்னும் சிறப்பு.

பாட்டுக்குழு_தம்பி:
ஐயா, அதுக்குள்ள நாங்க பாடி முடிச்சு, அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் தின்னு தீத்திருப்போம்.

கார்த்திகை_விளக்கு:
நடுவுல ஒரு வார்த்தை. நான் இந்து, வடசேரிப் பக்கம். எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்காக நாங்களும் டிசம்பர்ல ஒரு ஸ்டார் போடுவோம். கார்த்திகைக்கு வாசல்ல வச்ச அகல் வரிசையை எடுக்கும்போதே "ஸ்டார் எப்ப?"னு கேள்வி வந்திரும். முன்பக்கம் முழுக்க லைட்டுன்னா எதிர்வீட்டுப் படுக்கையறையையும் ஒரு தடவை பாத்துக்கோங்க. விட்டு விட்டு மின்னுறதைப் போட்டா எதிர்ல வயசானவங்க தூங்க முடியாது. நிலையா எரியிற இளமஞ்சள் வெளிச்சம் நல்லது.

முத்துநகர்_ரோஸ்:
மின்னாத லைட்டு என்ன லைட்டு?

கோட்டாறு_மருமகள்:
ஸ்டார் நாளைக்கு ஏறுது, பூசைக்கார ஐயா கோவிச்சுக்காதீங்க. கேழ்வரகு அத்தை பொறுப்பு, ஏற்கெனவே எடுத்து வச்சிட்டாங்க. மரத்தை நான் விடல. ஹாலை டேப் வச்சு அளந்தேன், ஜன்னல் மூலையில அஞ்சடி மரம் தாராளமா நிக்கும். மெயின் ஸ்விட்ச் அண்ணாச்சி, முன்வாசல் சன்ஷேடுக்கு அடியில பிளக் பாயின்ட் இல்ல. மாடி பால்கனில ஒண்ணு இருக்கு. அங்கேருந்து இழுக்கலாமா?

மெயின்_ஸ்விட்ச்:
இழுக்கலாம். பால்கனி பாயின்ட்ல சாரல் படுமான்னு முதல்ல பாருங்க. பட்டா ரூமுக்குள்ள இருக்கிற பாயின்ட்லேருந்து எடுங்க, ஆனா ஜன்னல் இடுக்குல வயரைக் கொடுத்து அடைச்சா இன்சுலேஷன் நசுங்கும். வென்டிலேட்டர் வழியா விடுங்க. வயர் சுவரைத் தொடுற இடத்துல கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி ஒரு வளைவு கொடுங்க, தண்ணி அங்கேயே சொட்டிரும்.

வரவு_செலவு:
மரம் வாங்கினா பில்லை இங்க போடுங்க. அஞ்சடிக்கு என்ன வாங்கறாங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்.