ரேகை ஒளிர்ந்ததும் கதை அணைந்துவிடுவது ஏன்?

லயத்து வாசகி:
மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்துக்கு இந்த மாதம் எடுத்தது ஒரு ரொமான்டிக் ஃபேன்டசி நாவல். 1951, ரப்பர்த் தோட்டம். அவள் பால்வெட்டுக்காரி. அவன் முனியாண்டியின் காவலாள், சாபத்தால் மனுச உருவத்தில் திரிகிறான். 40ஆம் பக்கத்தில் இருவர் மணிக்கட்டிலும் ரேகை ஒளிர்கிறது, விதித்த ஜோடியாம். அதற்கப்புறம் 300 பக்கத்தைத் தள்ளவே முடியவில்லை. நடை மோசமில்லை. எங்கே இடறுகிறது? ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும், “பிடிக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது.

ஒட்டுப்பால்:
விதி மேல் பழி போடாதீங்க அக்கா. தொல்காப்பியத்தில் ரகசியக் காதலைச் சொல்லும் களவியலிலும் தலைவனையும் தலைவியையும் சேர்த்து வைப்பது ‘பால்’தான், அதாவது ஊழ் (மரத்திலிருந்து மங்கில், அதாவது கிண்ணத்தில், வடியும் நம்ம ரப்பர்ப் பால் இல்லை லா). ஆனால் அங்கே அது முதல் படி மட்டும். பிறகு தோழி வேண்டும், சந்திக்கக் குறியிடம் வேண்டும். இரவுக்குறி (ராத்திரிச் சந்திப்பு) தவறும், ஊர் அலர் (வம்பு) தூற்றும், வீட்டில் இற்செறிப்பார்கள் (வெளியே விடாமல் அடைத்து வைப்பார்கள்), தோழி “எப்போ கட்டிக்கப் போற?” என்று அவனை நெருக்குவாள், எதுவும் நடக்காவிட்டால் உடன்போக்கு, அதாவது அவனோடு கிளம்பிவிடுவது. இந்த நாவலில் தோழியே கிடையாது. அலர் கிடையாது. பத்து வீடு ஒட்டி வரிசையாக நிற்கும் தோட்ட லயத்தில் ஒரு பெண் ராத்திரி வெளியே போய் வருகிறாள், பக்கத்து வீட்டுப் பாட்டி இருமக்கூட இல்லை! ரேகை ஒளிர்ந்த பிறகு அவள் “மாட்டேன்” என்று சொல்லக்கூடிய இடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்க.

நிரை எண் 7:
தோட்டமே தப்பாக இருப்பதும் ஒரு காரணம். 9ஆம் அத்தியாயத்தில் உச்சி வெயிலில் வெட்டுகிறாள், பால் அருவியாகக் கொட்டுகிறது. மரத்தில் பாலின் அழுத்தம் விடியலுக்கு முன்தான் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய்விடும், ஓட்டம் சுருங்கும். முந்தின அத்தியாயத்தில் மழை கொட்டும்போதே வெட்டுகிறாள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் வெளியே வழிந்து வீணாகும், அதனால் அன்றைக்கு உளியை எடுக்கவே மாட்டார்கள்.

பெரிய நஷ்டம் வேறு. கோபத்தில் “ஆழமாக வெட்டினாள்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். உளி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கினால் மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், கங்காணி கண்ணில் படாமல் போகாது. இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, சுமார் 30 பாகைச் சரிவு: அந்தக் கோட்டில் எந்த இடத்தில் கை நடுங்கியது என்று அவன் விரலால் தடவிப் பார்த்திருந்தால் போதும், ஒளிரும் ரேகையே வேண்டியதில்லை. காலம் நகர்வதையும் அங்கேயே காட்டலாம். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை, ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு என்றால், மூன்று மாதத்தில் கோடு ஏழு சென்டிமீட்டர்போல இறங்கியிருக்கும்.

முள்வேலி:
1951 என்று போட்டுவிட்டு, மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக பிரிட்டிஷ் அரசு அறிவித்திருந்த அவசரகாலத்தையே மறந்துட்டாரே! ஊரடங்கு, லயங்களைச் சுற்றி முள்வேலி, கேட்டில் உடல் சோதனை. காட்டில் இருந்த கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று அந்த வருடம் உணவுக் கட்டுப்பாடு இறுகியது. வேலைக்குப் போகிறவர் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாத நிலை. ஒட்டுப்பால் சொன்ன இற்செறிப்பை அரசாங்கமே ஆசிரியர் கையில் கொடுத்திருக்கிறது.

“மந்திரத்துக்கு விலை உண்டு” என்று 25ஆம் பக்கத்தில் வருகிறது. கடைசிவரை யாரும் அந்த விலையைக் கொடுக்கவில்லை. முனியாண்டி கோயில் வேலிக்கு வெளியே. சோறும் கோழியும் படைத்தால்தான் அவன் உருவம் நிற்கும் என்று வைத்துப் பாருங்க. ஒவ்வொரு சந்திப்புக்கும் அவள் கேட்டைத் தாண்டிச் சோறு கடத்தணும், பிடிபட்டால் சிறை. அவள் வருகிறாளா இல்லையா என்பதே பக்கத்தைப் புரட்ட வைக்கும்.

லயத்து வாசகி:
தோழி இல்லாதது எனக்குத் தட்டுப்படவே இல்லை. பாட்டி இருமலையும் சேர்த்தே ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். இரண்டாம் பாகம் வந்திருக்காம், வாங்கலாமா?

ஒட்டுப்பால்:
இரவல் வாங்கி முதல் மூன்று அத்தியாயம் படிங்க. ஒரே முத்தத்தில் சாபம் தீர்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துடுங்க. தோழி வந்திருந்தால் எனக்கும் ஒரு பிரதி சொல்லி வைங்க.