கன்னப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் பி16, கேஐ-67: இதை வைத்து ஆயுளைச் சொல்ல முடியுமா?

திருமங்கலம் செல்வி:
அப்பாவுக்கு 61 வயது, ஓய்வு பெற்ற வாத்தியார். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் ரொம்ப வருஷமாக உண்டு. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண், பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது வாயின் உள்தோலில் தொடங்கும் புற்று. இந்த மாத ஆரம்பத்தில் ஆபரேஷன் செய்து, கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'பி16 நெகட்டிவ், கேஐ-67 60 சதவீதம்' என்று இருக்கிறது. அப்பா அதைப் படித்துவிட்டு, "நெகட்டிவ்னா நல்லதுதானே?" என்கிறார். நெட்டில் பார்த்தால் பி16 நெகட்டிவ் என்றால் ஆயுள் குறைவு என்று போட்டிருக்கிறது. இன்னும் நாலைந்து புரோட்டீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்கிறான் தம்பி. எடுக்கலாமா?

பேத்தாலஜி டாக்டர்:
செல்வி, முதலில் பி16 பயத்தை விடுங்கள். நீங்கள் படித்தது டான்சில், அடிநாக்கு பகுதிப் புற்றைப் பற்றியது. அங்கே வருவதில் ஒரு பங்கு ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸால் வருவது. வைரஸ் இருந்தால் செல்லுக்குள் பி16 புரதம் சேரும். அந்தப் புரதத்தைக் காட்டும் சாயம் போட்டு, 70 சதவீதத்துக்குக் குறையாத செல்களில் அழுத்தமாகப் பிடித்தால் பாசிட்டிவ். 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஹெச்பிவி இருந்தவர்களில் மூன்று வருடம் தாண்டியவர்கள் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57. அதனால் அந்த இடத்துக்கு மட்டும் பி16-ஐ வைத்துத் தனி ஸ்டேஜிங் (நோய் எந்தக் கட்டம் என்ற கணக்கு) உண்டு. கன்னத்துக்கு அது பொருந்தாது. புகையிலையால் வரும் கன்னப் புற்றில் பி16 பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும்.

கேஐ-67 பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் இருக்கும் புரதம். ஒரே கட்டியில் ஓரத்தில் ஒரு எண், நடுவில் வேறு எண் வரும். எண்ணுகிற ஆள் மாறினாலும் மாறும். வாய்ப் புற்றில் இதற்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகள், இல்லை என்று சில. பி53, சைக்ளின் டி1 என்ற மற்ற புரதங்களின் கதையும் இதேதான். ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் பெரும்பாலான தலை, கழுத்துப் புற்றுகளில் மிகுந்திருக்கும், அதனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டாது. ஒரே ஆஸ்பத்திரியின் பழைய பிளாக்குகளில் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டுகள்) சாயம் போட்டு, முடிவைப் பார்த்த பிறகு பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லையை வைத்த சின்ன ஆய்வுகள் நிறைய. அவற்றை நம்பிக் குடும்பங்கள் பணம் கட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் ரிப்போர்ட்டில் வேறு நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது (5-ம் 10-ம் எல்லைக்கோடுகள்), வெட்டிய ஓரம் சுத்தமா, எத்தனை நெறிக்கட்டியில் பரவல், அது நெறிக்கட்டியின் உறையைத் தாண்டியதா. அப்பாவின் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வது இவைதான். உறையைத் தாண்டியிருந்தாலோ ஓரத்தில் புற்று இருந்தாலோ ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்ப்பார்கள்.

நாகர்கோவில் அக்கா:
என் வீட்டுக்காரருக்கு நாக்கில் வந்து, மறுபடியும் திரும்பியது. அப்போதுதான் பிடி-எல்1 என்ற புரதத்துக்கு டெஸ்ட் கேட்டார்கள். எவ்வளவு நாள் இருப்பார் என்று பார்க்க அல்ல, இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்) மருந்து அவருக்கு ஒத்துவருமா என்று பார்க்க. பழைய பிளாக்கைத்தான் கொண்டுவரச் சொன்னார்கள். அதனால் பிளாக் எங்கே இருக்கிறது, எத்தனை வருடம் வைப்பார்கள் என்று கேட்டு வையுங்கள், தங்கச்சி.

திருமங்கலம் செல்வி:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அக்கா. பார்த்துவிட்டேன். ஆழம் 8 மில்லிமீட்டர், ஓரம் சுத்தம், எடுத்த 28 நெறிக்கட்டியில் ஒன்றில் பரவல், உறை தாண்டவில்லை.

பேத்தாலஜி டாக்டர்:
உறை தாண்டாதது நல்ல செய்தி, அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள். ஒரு நெறிக்கட்டியில் இருப்பதால் ரேடியேஷன் தேவையா என்று இந்த வாரமே கேளுங்கள்; கொடுப்பதென்றால் ஆபரேஷனிலிருந்து 6 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிடுங்கள். ரேடியேஷனுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. தம்பி ஒதுக்கி வைத்த பணம் இதற்கெல்லாம் உதவட்டும்.