கூலன்ட் வெந்நீரால் தாவர எண்ணெயைச் சூடாக்குதல்: ஹீட்டர் குழாயை எங்கே பிரிப்பது?

இரட்டைடேங்க் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது இன்லைன் (சிலிண்டருக்கு ஒரு தள்ளுதண்டு வீதம் வரிசையாக அமைந்த) இன்ஜெக்‌ஷன் பம்ப் கொண்ட, ஆறு சிலிண்டர் பழைய டீசல் லாரி. நீர் நீக்கி வடிகட்டிய தாவர எண்ணெயில் அதை ஓட்டுவதற்காக, கேபினுக்குப் பின்புறம் சேஸிஸில் இரண்டாவது டேங்க் ஒன்றைப் பொருத்திவிட்டேன். டீசலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மீண்டும் டீசலுக்கு வரும் வழக்கமான முறைதான் என் திட்டம்.

கேபின் ஹீட்டரிலிருந்து வாட்டர் பம்புக்குத் திரும்பும் ஹோஸை வெட்டி, எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய கூலன்டான அந்த வெந்நீரை, கெட்டியான எண்ணெயை இளக்குவதற்காக முதலில் டேங்கிற்குள் வைத்த செம்புச் சுருளுக்கும், பிறகு எண்ணெய் ஃபில்டரைச் சுற்றிய உறைக்கும், கடைசியாகப் பம்புக்கு அருகிலுள்ள தட்டு வெப்பப் பரிமாற்றிக்கும் கொண்டு சென்று, அங்கிருந்து வாட்டர் பம்புக்கே திருப்பிவிடலாம் என்று வரைந்து வைத்திருக்கிறேன். டேங்க்வரை குழாய் நீளம் ஒரு வழிக்கு நான்கு மீட்டர் வருகிறது. இவ்வளவு தூரம் கூலன்ட் சுற்றி வந்தால் எஞ்சின் குளிர்ந்தே ஓடுமோ என்பது என் முதல் ஐயம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது சரியா, தனிக் கிளையாகப் பிரிப்பது சரியா என்பது அடுத்தது. டேங்கில் உள்ள வெப்பமானி 60 டிகிரி காட்டினால் எண்ணெய்க்கு மாற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்.

திருகுசாவி எழுதியது:

எஞ்சின் குளிர்ந்துவிடும் என்ற கவலையைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொள்ளலாம். மணிக்கு 20 லிட்டர் எண்ணெய் எரிகிறது என்றும், அதை 30 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு உயர்த்த வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 2 கிலோஜூல் தேவை என்பதால், மொத்தத் தேவை அரை கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. அதே 20 லிட்டரை எரிக்கும் எஞ்சினோ கூலன்டுக்குள் நாற்பது கிலோவாட் அளவுக்கு வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் எடுப்பது சமுத்திரத்தில் ஒரு குடம். கூடுதலாகச் சேரும் சில லிட்டர் கூலன்டால் காலையில் எஞ்சின் சூடேறச் சிறிது நேரம் அதிகமாகும், அவ்வளவுதான்.

உங்கள் வரைபடத்தில் எனக்கு உறுத்துவது இரண்டு. முதலாவது, பல லாரிகளில் கேபின் ஹீட்டரை மூடும்போது அதற்குச் செல்லும் கூலன்ட் வால்வே மூடிக்கொள்கிறது. வெயில் நாளில் ஹீட்டரை மூடினால் உங்கள் எண்ணெய்க்கும் வெப்பம் நின்றுபோகும். ஆகவே எஞ்சினிலிருந்து ஹோஸ் வெளிவரும் இடத்துக்கும் அந்த வால்வுக்கும் இடையில் ஒரு டீ (T வடிவ) இணைப்பைப் போட்டுத் தனிக் கிளை எடுங்கள். திரும்பும் முனையை வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்க ஹோஸில் சேருங்கள். நீர் எளிய வழியையே தேடும் என்பதால், நீண்ட கிளைக்குப் போதிய ஓட்டம் கிடைக்க, அதன் ஹோஸ் ஹீட்டர் ஹோஸைவிடச் சிறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வரிசை தலைகீழாக இருக்கிறது. எண்ணெய் டேங்கிலிருந்து ஃபில்டருக்கும், அங்கிருந்து பரிமாற்றிக்கும், பிறகு பம்புக்கும் போகிறது. கூலன்ட் அதற்கு எதிர்த்திசையில் வர வேண்டும். மிகச் சூடான கூலன்ட் பம்புக்கு அருகிலுள்ள பரிமாற்றியை முதலில் சந்தித்து, ஆறிய பிறகு டேங்கிற்குப் போகட்டும். டேங்க் முழுவதையும் கொதிக்க வைப்பதில் பயனில்லை. காற்றுப் படும் சூடான எண்ணெய் விரைவில் கெட்டுத் தடித்துவிடும். உறிஞ்சுகுழாயைச் சுற்றியுள்ள எண்ணெய் இளகினால் போதும்.

ஐந்துமைக்ரான் எழுதியது:

செம்புச் சுருளை வைக்காதீர்கள். செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு ஆகிய மூன்றும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறுவதைத் தூண்டுபவை. நாள்கணக்கில் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் சுருளின் மீது அரக்குப் போன்ற படலம் படியும். டேங்கிற்குள் அலுமினியமோ துருப்பிடிக்காத எஃகோ போதும். தட்டுப் பரிமாற்றிகள் பலவற்றின் உள்ளேயும் செம்புப் பற்றவைப்புத்தான் இருக்கிறது என்றாலும், அதில் எண்ணெய் நொடிகளில் கடந்து போய்விடுகிறது என்பதால் அதை நான் பொறுத்துக்கொள்கிறேன். எண்ணெயின் வகையும் இதில் முக்கியம்: அயோடின் எண் (கூடக் கூட எண்ணெய் எளிதில் பிசினாகும்) 10 அளவில் இருக்கும் தேங்காய் எண்ணெய் எளிதில் பிசினாகாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், 130 அளவில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் குளிரில் ஓடும், ஆனால் விரைவில் பிசினாகும்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. டேங்கிலிருந்து வரும் எண்ணெய்க் குழாய் வழியெங்கும் சூடாக இருக்க, அதைக் கூலன்ட் ஹோஸுக்குள்ளேயே செலுத்தி வைத்திருந்தேன். முறை நல்லதுதான், ஆனால் குழாய் ஒரு சாண் குறைந்துபோனதால், ஹோஸுக்குள் மறைந்திருக்கும் இடத்தில் ஒரு நட்டு இணைப்பைப் போட்டு நீட்டிவிட்டேன். எட்டு மாதம் எந்தச் சிக்கலும் இல்லை. ஒருநாள் ரேடியேட்டரில் கூலன்ட் மட்டம் சற்று இறங்கியிருந்தது. ஊற்றி நிரப்பிவிட்டுப் புறப்பட்டேன். அந்த வாரமே இழுவை குறைந்து எஞ்சின் நின்றது. கண்ணாடி ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றியபோது பொன்னிற எண்ணெயின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பச்சை நீர் தனியாகத் தேங்கி நின்றது. கூலன்ட் பக்கம் அழுத்தத்தில் இருக்கிறது, எண்ணெய்ப் பக்கம் உறிஞ்சலில் இருக்கிறது. அந்த இணைப்பு தளர்ந்தால் கசிவு எந்தப் பக்கம் போகும் என்று யோசித்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். பம்பின் இரண்டு பிளஞ்சர்கள் (தள்ளுதண்டுகள்) இறுகிப் போயிருந்தன.

எனவே கூலன்டுக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் முனையிலிருந்து முனைவரை ஒரே துண்டாக இருக்கட்டும். இணைப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருக்கட்டும். கூலன்ட் காரணமின்றிக் குறைந்தால், முதலில் ஃபில்டரின் அடியைத் திறந்து பாருங்கள்.

நெடுவழி எழுதியது:

டேங்கில் 60 டிகிரி என்பது எதையும் சொல்லாது. அளக்க வேண்டிய இடம் இன்ஜெக்‌ஷன் பம்பின் நுழைவாய். 40 டிகிரியில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் (எண் கூடினால் கெட்டி) வரை இருக்கும். கடுகு இன எண்ணெய் ஒன்றுக்கு அதே வெப்பநிலையில் 35 அளவில் வரும். 80 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் அது 12 அளவுக்குத்தான் இறங்குகிறது. அதாவது நன்கு சூடாக்கிய எண்ணெய்கூட டீசலைப்போல் மூன்று மடங்கு கெட்டியானதுதான். பம்பின் வாயிலில் 70 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் நான் மாற்றுவதே இல்லை.

இதற்கு மறுமொழியாக, டீசல் எஞ்சின் 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே நிலக்கடலை எண்ணெயில் ஓடியதே என்பார்கள். ஓடியது உண்மை. ஆனால் அக்காலத்து எஞ்சின்கள் அழுத்தக் காற்றால் எரிபொருளை ஊதிச் சிலிண்டருக்குள் செலுத்தியவை. நம் இன்ஜெக்டர்களின் நுண்துளைகளோடு அவற்றை ஒப்பிடுவது பொருந்தாது. நம்முடையதில் தெளிப்பு பெருந்துளிகளாக விழுந்தால், முழுவதும் எரியாத எண்ணெய் இன்ஜெக்டர் முனையில் கரியாகவும் பிஸ்டன் வளையங்களில் பசையாகவும் படிகிறது. எஞ்சியது சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் இறங்கி அதையும் தடிக்க வைக்கிறது. ஆகவே எஞ்சின் ஆயிலை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுங்கள். நீண்ட நேரம் நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிடும் சூழலில் டீசலுக்குத் திரும்பிவிடுங்கள். உங்களுடையது பழைய இன்லைன் பம்ப் என்பதால்தான் இவ்வளவும் பேசுகிறேன். காமன் ரயில் (மிக உயர் அழுத்தத்தில் எரிபொருளைத் தெளிக்கும் புதிய வகை) லாரியாக இருந்தால் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்லைன் பம்பிற்குள் எரிவதைவிடப் பல மடங்கு எண்ணெய் போய்த் திரும்புகிறது. அந்தத் திரும்பு குழாயை டேங்கிற்கே விட்டால், பரிமாற்றி அத்தனை எண்ணெயையும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சூடாக்க வேண்டியிருக்கும். எண்ணெயில் ஓடும்போது திரும்புவதைப் பம்பின் நுழைவாய்ப் பக்கமே சுற்றிவிட்டால், சூடானது சூடாகவே இருக்கும். ஆனால் உறிஞ்சு குழாயில் எங்கேனும் காற்று நுழைந்தால் அதுவும் வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டே இருந்து எஞ்சினைத் தடுமாற வைக்கும். கிளிப்புகளை ஒருமுறைக்கு இருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இரட்டைடேங்க் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செம்புச் சுருளை எடுத்துவிட்டு அலுமினியம் வைத்தேன்; டீ இணைப்பை வால்வுக்கு முன்னால் மாற்றினேன்; கூலன்ட் முதலில் பரிமாற்றிக்கே வருகிறது; வெப்ப உணரியைப் பம்பின் நுழைவாயில் பொருத்திவிட்டேன். ஆனால் எஞ்சின் கேஜ் 85 டிகிரி காட்டும்போதும் எண்ணெய் 48 டிகிரிக்கு மேல் ஏற மறுக்கிறது. பரிமாற்றிக்கு உள்ளே போகும் ஹோஸைத் தொட முடியவில்லை, வெளியே வரும் ஹோஸோ வெதுவெதுப்பாகக்கூட இல்லை. பரிமாற்றி சிறியதாகிவிட்டதா?

திருகுசாவி எழுதியது:

ஒரு பக்கம் தொட முடியாத சூடு, மறுபக்கம் குளிர் என்றால் கூலன்ட் ஓடவே இல்லை என்று பொருள். பரிமாற்றியைக் குறை சொல்வதற்கு முன் காற்றடைப்பைப் பாருங்கள். உங்கள் ஹோஸ் ஏதேனும் ஓரிடத்தில் ரேடியேட்டர் மூடியைவிட உயரமாக வளைந்து செல்கிறதா? அங்கேதான் காற்று உட்கார்ந்திருக்கும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, அந்த உச்சியில் காற்று வெளியேற்றும் திருகுடன் ஒரு டீயைப் போட்டு, ஹீட்டர் வால்வை முழுதும் திறந்து வைத்து, திருகு வழியே குமிழின்றிக் கூலன்ட் வரும்வரை மெல்ல நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம்.

இரட்டைடேங்க் எழுதியது:

ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஹோஸ் வளைந்து ஏறும் இடம்தான் அது. மூடியைவிட நான்கு விரல் உயரம். ஹோஸைக் கீழே இறக்கிக் கட்டிவிட்டுக் காற்றை வெளியேற்றினேன்; ஒன்றரை லிட்டருக்கு மேல் கூலன்ட் உள்ளே போனது. இன்று இருபது நிமிட ஓட்டத்தில் பம்பின் வாயிலில் 74 டிகிரி வந்தது. முதன்முறையாக எண்ணெய்க்கு மாற்றினேன். எஞ்சின் சத்தம் சற்று மென்மையானதைத் தவிர வேறு மாற்றம் தெரியவில்லை. நாளைக் காலை முதல் வேலையாக ஃபில்டர் கிண்ணத்தின் அடியைப் பார்க்கப் போகிறேன்.