அந்தப் பாட்டைக் கூட்டம் பாடிக் கேட்டவர்கள் எழுதுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயீனின் 'லவ் ஆஃப் மை லைஃப்' பாட்டை நேரில் கேட்டவர்கள், வாசித்தவர்கள், அதைப் பாடும் யாரையாவது சந்தித்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

2019 கடைசியில் அக்கா மூன்று டிக்கெட் எடுத்தாள். அவளுக்கு, அத்தானுக்கு, எனக்கு. லண்டன் ஓ2 அரங்கில் அடுத்த ஜூனில் குயீனும் பாடகர் ஆடம் லாம்பர்ட்டும் சேர்ந்து நடத்தும் கச்சேரி. கொரோனாவால் அது ஒரு வருடம் தள்ளிப்போனது, அப்புறம் இன்னொரு வருடம். இடையில் 2021 ஜனவரியில் அத்தான் இறந்துவிட்டார். ஒரு டிக்கெட்டையாவது யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "மூன்றும் இருக்கட்டும்டா" என்றாள். 2022 ஜூனில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். நடுவில் இருந்த நாற்காலியில் அக்கா தன் கோட்டை மடித்து வைத்தாள்.

இந்தப் பாட்டை வீட்டில் கொண்டுவந்தவர் அத்தான்தான். குயீனின் பாடகர் ஃபிரெடி மெர்குரி எழுதி, 1975இல் 'எ நைட் அட் தி ஓபரா' ஆல்பத்தில் வந்தது. ஆல்பத்தில் கேட்டால் பியானோ, அடுக்கடுக்காக ஃபிரெடியின் குரல்கள், நடுவே குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே வாசித்த ஹார்ப், யாழ் மாதிரியான பெரிய தந்தி வாத்தியம். மேரி ஆஸ்டினை நினைத்து எழுதியது என்று பரவலாகச் சொல்வார்கள். காதலராக இருந்து பிரிந்த பிறகும் கடைசிவரை நெருக்கமாக இருந்தவர்கள் அவர்கள். தான் வாழ்ந்த கென்சிங்டன் வீட்டை ஃபிரெடி அவருக்குத்தான் எழுதிவைத்தார்.

ஓ2வில் அன்று, கூட்டத்துக்குள் நீண்டிருந்த மேடையின் நுனியில் பிரையன் மே தனியாக உட்கார்ந்தார். மடியில் 12 தந்திக் கிட்டார். முதல் வரியை அவர் தொடங்கினார், அவ்வளவுதான், மொத்த அரங்கமும் எடுத்துக்கொண்டது. கத்தவில்லை. பக்கத்தில் தூங்கும் குழந்தை இருப்பதுபோல அத்தனை பேரும் மெதுவாகப் பாடினார்கள். பாட்டில் ஓர் இடம் வரும்: எனக்கு வயதாகும்போது உன் பக்கத்தில் இருப்பேன், இன்னும் உன்னை எப்படி நேசிக்கிறேன் என்று நினைவூட்டுவேன் என்று. இதை எழுதியவர் 45 வயதில், 1991 நவம்பரில் போய்விட்டார். அன்று மேடையில் இருந்தவருக்கு 74 வயது, சுருட்டை முடி முழுக்க வெள்ளை. அந்த வரி வந்தபோது நான் அக்கா பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று தோன்றியது.

கடைசிப் பகுதியில் பின்னாலிருந்த பெரிய திரையில் ஃபிரெடி வந்து மீதியைப் பாடினார். பிரையன் திரும்பி அவரைப் பார்த்தார். திரைப்படம் காட்டுவது போலத்தான், இதில் என்ன இருக்கிறது என்று முன்பு நினைத்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்தபோது அப்படித் தோன்றவில்லை.

*

நல்ல இழை, நண்பரே. உங்கள் அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நான் டொராண்டோவில் இருக்கிறேன், வார இறுதியில் கிட்டார் வாசிப்பவன். அந்தக் கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மேடையில் இந்தப் பாட்டு வேறு பாட்டாக மாறியது அதனால்தான். ஆல்பத்தில் இருப்பதை மேடையில் அப்படியே கொண்டுவர முடியாது. ஃபிரெடி ஒருவரே பத்துப் பேராகப் பாட முடியாது, ஹார்ப்பும் சுமந்து போகும் வாத்தியமில்லை. பிரையனுக்கு ஸ்டுடியோவிலேயே அது பெரும்பாடு. வாசித்த நேரத்தைவிடச் சுருதி சேர்த்த நேரம் அதிகம். யாராவது கதவைத் திறந்து குளிர்ந்த காற்று வந்தாலே தந்திகள் கலைந்துவிடும். அதனால் ஒவ்வொரு கார்டாக (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வாசித்துப் பதிவு செய்தார்.

மேடைக்கு அவர் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டார். சுருதியை இறக்கி, ஒரே ஒரு 12 தந்திக் கிட்டாருக்கு மாற்றினார். அதில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். கீழ்ஸ்தாயி ஜோடிகள் நான்கிலும் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். ஒரு முறை மீட்டினால் இரண்டு கிட்டார் கேட்பதுபோல இருக்கும், அந்த மினுமினுப்பில் ஹார்ப்பின் ஞாபகமும் வரும். ஆனாலும் நிறைய இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தில்தான் ஜனங்கள் பாட ஆரம்பித்தார்கள் என்பது என் எண்ணம். 1979இன் 'லைவ் கில்லர்ஸ்' இசைத்தட்டில் கேட்டுப் பாருங்கள். ஐரோப்பியக் கூட்டம் ஃபிரெடியைப் பாடவே விடாமல் பாடும், அவர் விட்டுக்கொடுத்துவிடுவார்.

என் அனுபவம் சின்னது. இங்கே ஒரு சர்ச் ஹாலில் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் இதை வாசித்தேன். சுமார் அறுபது பேர். இரண்டாவது வரியில் நான் நிறுத்தி, வெறும் கிட்டாரை மட்டும் தொடர்ந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் எழுந்தது, எழுபதைத் தாண்டிய ஒருவர். வேறு யாரும் சேரவில்லை. அவரும் நிறுத்தவில்லை, கடைசிவரை பாடினார். முடிந்ததும் வந்து கையைப் பிடித்து, 1986இல் லண்டன் வெம்ப்ளியில் குயீன் கச்சேரியில் கூட்டத்தோடு பாடியது, அதன் பிறகு இன்றைக்குத்தான் என்றார். தந்தி அழுத்திச் சிவந்திருந்த என் விரல் நுனிகளை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

*

வேலை விஷயமாக இரண்டு வருடம் சாவோ பாவ்லோவில் இருந்தேன். தென் அமெரிக்கா பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன்.

1981 மார்ச்சில் குயீன் அங்கே மொரும்பி கால்பந்து மைதானத்தில் இரண்டு இரவு வாசித்தார்கள். முதல் இரவில் மட்டும் 1,31,000 பேர். என்னோடு வேலை பார்த்தவனின் அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருவர், அப்போது பதினெட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்தார்கள். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. எனக்கோ போர்த்துகீசு நூறு சொல் தெரிந்தால் அதிகம். சாப்பிட்ட பிறகு காபி வடிகட்டும் துணிப் பையைக் குழாயடியில் அலசிக்கொண்டே இந்தப் பாட்டை முழுக்கப் பாடினார். ஒரு சொல் பிசகவில்லை. பொருள் தெரியுமா என்று மகன் மூலம் கேட்டேன். பையை உதறி ஆணியில் மாட்டிவிட்டு, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவின் 'ராக் இன் ரியோ' இசைவிழாவில் நடந்ததைப் படமாகப் பலர் பார்த்திருப்பீர்கள். நள்ளிரவு தாண்டி, லட்சக்கணக்கானவர்கள் பாட, ஃபிரெடி கையை அசைத்து அவர்களை நடத்திக்கொண்டு நிற்பார். 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' திரைப்படத்தில் இதைப் பல வருடம் முன்னால் நடந்ததுபோலக் காட்டியதில் எனக்கு வருத்தம்தான். 1981இல் மைதானத்தில் நின்றவர்கள் நான்கு வருடமாக வீட்டில் பாடிப் பாடித்தான் அந்த ரியோ இரவு வந்தது. அந்த அம்மாவின் குரலைக் கேட்ட பிறகு எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஒரு கேள்வி: அன்று ஓ2வில் உங்கள் அக்கா பாடினார்களா?

*

நன்றி, இருவருக்கும். அந்த அம்மாவைப் பற்றி அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

இல்லை, அரங்கத்துக்குள் அவள் பாடவில்லை. கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடியே இருந்தாள். கச்சேரி முடிந்து நார்த் கிரீனிச் ரயில் நிலையத்தில் பெரிய வரிசை, உள்ளே விட நேரமானது. எங்களுக்கு முன்னால் நின்ற பையன்கள் சிலர் இந்தப் பாட்டை மறுபடி தொடங்கினார்கள். பாதியில் வரி மறந்து தடுமாறி நின்றார்கள். விட்ட இடத்திலிருந்து அக்கா எடுத்தாள். நல்ல குரல் அவளுக்கு, எத்தனையோ நாளாக நான் கேட்கவில்லை. பையன்கள் திரும்பிப் பார்த்துவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டார்கள். வரிசை நகர்ந்தது, பாடிக்கொண்டே படியிறங்கினோம்.