அப்டேட்: பொண்ணுகூட பேச கோர்ட் ஆர்டர் கிடைச்சிருச்சு

டைவர்ஸுக்கு அப்புறம் பொண்ண பாக்கவே விட மாட்டேங்குறாங்கன்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கைகொடுத்தது இந்து திருமணச் சட்டம் 26வது பிரிவுல (குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கற மாதிரி விஷயத்துல கோர்ட் ஆர்டர் போடுற பிரிவு) மனு போடுங்கன்னு ஒருத்தர் சொன்னதுதான், டைவர்ஸ் தீர்ப்பு வந்த பிறகும் இதுல கேக்கலாம். கூடவே 2020ல ராஜஸ்தான் கேஸ் ஒண்ணுல வீடியோ கால்ல பேச விடணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதயும் வக்கீல் எடுத்து வச்சார், வாராவாரம் கால், மாசம் ரெண்டு ஞாயிறு நேர்லன்னு ஆர்டர் ஆச்சு.

எதிர்பாக்காதது பொண்ணோட கோவம். மொத கால்ல கேமராவ ஃபேன் பக்கம் திருப்பி வச்சுட்டு "நீங்கதான எங்கள வேணாம்னீங்க"ன்னா, மனசு ஒடஞ்சிருச்சு. அவ அம்மா பேச்சே எடுக்காதீங்க, ஸ்கூல், டிராயிங் பத்தி மட்டும் கேளுங்கன்னு கவுன்சிலிங் குடுக்கறவங்க சொன்னாங்க, அப்படியே பண்றேன், இப்ப முகம் காட்டி பேசுறா. அடுத்து ஸ்கூல் லீவுல பாதி நாட்கள் அவ என்கூட இருக்கணும்னு கேட்டு மனு போடப் போறோம்.