தாத்தா பெட்டியில் கிடைத்த கத்தி: பர்மாவா, கண்டியா?

ரங்கூன் பேரன்: தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அலகு ஒரு சாண், முதுகு தடிமன், நேர். வாய் மட்டும் நுனிப்பக்கம் வளைந்து ஏறுகிறது. கொம்புப் பிடி. வெள்ளியும் பித்தளையும் கலந்த கொடிவேலை பிடியிலிருந்து அலகின் அடிவரை இறங்குகிறது. மர உறையில் எழுத்தாணி செருகத் துளை. படம் போட்டிருக்கிறேன். எந்த ஊர்க் கத்தி?

மோல்மீன்காரன்: பர்மாக்காரர்களின் 'தா' என்கிற கத்திதான், இதில் என்ன சந்தேகம்? வெள்ளி வேலை மாந்தலே. இங்கே மடங்களில் ஓலைச்சுவடி எழுதினார்களே, எழுத்தாணிக்கு வேறெங்கே போகணும்?

பழைய இரும்பு: தம்பி, 'தா'வுக்குப் பிடி உருண்டையாக இருக்கும். அலகின் வால் குட்டை, அரக்கு வைத்துப் பிடிக்குள் இறக்குவார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்க, இதில் இரண்டு பக்கமும் கொம்புத் தகடு, ஊடே ஆணி. மாந்தலே வேலையென்றால் கறுத்த அலகு நெடுக வெள்ளி பதித்துப் புத்தரின் முற்பிறவிச் சொல்லும் ஜாதகக் கதை ஓடும். இது கண்டிச் சிங்களவரின் 'பிஹ கெட்ட'. அதன் உறையில் எழுத்தாணியும் சேர்ந்தே வரும். உயர்ந்த ரகம் கண்டி அரசரின் பட்டறைகளில் செய்தது. அரசு 1815ல் விழுந்தது.

பெகு செல்வி: குடகுப் பிச்சாங்கத்தியாக இருக்கலாமே?

பழைய இரும்பு: அதற்கு அலகு இன்னும் அகலம்மா. உறையில் சங்கிலி, காதுக் குறும்பி எடுக்கும் கருவி இதெல்லாம் தொங்கும்.

மோல்மீன்காரன்: சரி, கண்டிக் கத்தி ரங்கூனுக்கு எப்படி வந்ததாம்?

பெகு செல்வி: 1800ல் சிங்களப் பிக்குகள் உபசம்பதை, அதான் முழுத் துறவுப் பட்டம், வாங்க அன்றைய பர்மாத் தலைநகர் அமரபுரத்துக்கு வந்தார்களே!

மோல்மீன்காரன்: பிக்கு இடுப்பில் கத்தி செருகிக்கிட்டா வந்தார், அக்கா?

பழைய இரும்பு: அவ்வளவு தூரம் ஏன் போகணும்? செட்டியார்களுக்குக் கொழும்பிலும் கடை, ரங்கூனிலும் கடை. அடகில் மூழ்கிய பொருள் ஆளோடு கப்பலேறாதா? இது என் ஊகம்தான். ஆனால் கிடைத்த இடத்தை வைத்துப் பிறந்த ஊரைச் சொன்னால், நாமெல்லாம் பர்மாவிலேயே முளைத்தவர்கள்னு ஆகிடும்.

மோல்மீன்காரன்: இங்கேயே ஒரு தட்டான் கண்டி மாதிரியைப் பார்த்துச் செய்திருந்தால்? அண்ணே, அதை மறுக்க உங்ககிட்ட ஒன்றுமில்லை.

பழைய இரும்பு: அலகின் அடியில் வெள்ளி இரும்புக்குள் பதிந்திருக்கா, மேலே தகடாக ஒட்டியிருக்கான்னு முதல்ல பார்க்கணும். பேரா, முதுகுப்பக்கம் கிட்டத்தில் ஒரு படம் போடு.

ரங்கூன் பேரன்: நாளைக்குப் போடுறேன் ஐயா. அம்மா புளி போட்டுத் தேய்க்கணும்னு நிற்கிறாங்க.

பழைய இரும்பு: ஐயோ, தொடவே விடாதே!